கீழிருந்து மேலாகப் படித்தவள்

இருப்புக் கொள்ளாத நாட்களில் நான் எழுத்துப்பிழை திருத்துவேன். சிலர் டீ போட்டுக் குடிப்பார்கள், சிலர் பீரோவைக் கலைத்து மறுபடி அடுக்குவார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து, முன்பின் தெரியாத யாரோ எழுதிய கையேட்டில் ஒற்று விட்டுப்போன இடங்களைத் தேடிக்கொண்டு போவேன். ஒன்று கிடைத்தால் ஒரு நிமிஷத்துக்கு மனசு அடங்கும். அப்புறம் அடுத்தது வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்று சொல்வார்களே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்திருப்பது, அவற்றின் கையேடுகள்தான் எனக்கு வேட்டைக்காடு. மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுகிற பொறுமை இருக்காது. தமிழில் இன்னும் மோசம். ஆபீஸ் விட்டு வந்த அலுப்பில் யாரோ ஒரு நல்ல மனுஷர் மொழிபெயர்த்திருப்பார். ‘அழுத்தவும்’ என்பது ‘அழுதவும்’ ஆகியிருக்கும். ‘கோப்பு’ நாலு வரி தள்ளி ‘கொப்பு’ ஆகியிருக்கும். திருத்தி அனுப்பினால், அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒப்புக்கொண்டு சேர்த்துவிடுவார். நீ யார், எந்த ஊர், இப்போது என்ன வேலையில் இருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காததற்காகவே அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

வேலை போய்விட்டிருந்தது. பதினோரு வருஷம் சென்னையில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் மெய்ப்புப் பார்த்தேன். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சுக்குப் போகும் முன் எங்கள் மேஜைக்கு வரும். மீனின் கல்லீரல் பற்றி ஒன்று, பாலத்தின் இரும்பு பற்றி ஒன்று. எங்களுக்கு எதுவும் புரிய வேண்டியதில்லை, புரியவும் கூடாது. பொருள் எழுதினவருடையது, எழுத்து மட்டும்தான் நம்முடையது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டால் கண் தப்பைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு, கீழிருந்து மேலாகப் படிப்பது. அப்படிப் படித்தால் அர்த்தம் ஒட்டாது, எழுத்து மட்டும் தெரியும். எங்கள் குழுவிலேயே நான்தான் இதில் கெட்டிக்காரி. பிறகு எங்கள் வேலையைச் செய்ய ஒரு புரோகிராம் வந்தது. குழு பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகி, என்னையும் அனுப்பினார்கள்.

பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தேன். எட்டு மாசம் ஆகிவிட்டது. அக்கா ஒருநாளும் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். “உக்காருடி, பாக்குற எனக்கே காலு வலிக்குது” என்பாள்.

அக்காவுக்கு அப்போது வேறொரு போராட்டம். அத்தான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஏழு மா நிலம், இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வருஷக்கணக்காக வேறொருவர் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். அதைத் திருப்பி வாங்கி நானே செய்கிறேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். போனிலேயே இரண்டு மாசம் சண்டை. கடைசியில் அத்தான் இறங்கி வந்தார். ஆனால் இந்தக் குறுவைச் சாகுபடியில் ஏதாவது கோளாறு வந்தால் நிலம் பழையபடி குத்தகைக்குப் போய்விடும் என்று பேச்சு. பத்தாவதோடு நின்றவள், நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தாள். விடியும்போதே வயலுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் இருக்கும் தெளிச்சியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆமாம், பொறாமைதான்.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேர்வதற்கு முன்னால் நாற்று விட வேண்டும் என்றால் போர்வெல்தான் கதி. மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வருகிற நேரத்தில் வயலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதனால் அக்கா மோட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கினாள். போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் பெட்டி தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும். நாலைந்து இன்ஜினியர்கள் சேர்ந்து அதன் வரைபடத்தையும் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்து விட்டிருந்தார்கள். மயிலாடுதுறையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதைப் பார்த்துச் செய்து விற்றார்கள். எப்படிப் பொருத்துவது என்ற கையேடு இணையத்தில், தமிழில்.

எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் பக்கம் முழுக்கப் பிழை. இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து அறுபதுக்கும் மேல் திருத்தி அனுப்பினேன். அதைப் பராமரிக்கிறவர் எல்லாவற்றையும் அப்படியே சேர்த்துக்கொண்டு, ரொம்ப நன்றி என்று எழுதியிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கேட்டாள். “அந்தப் பொட்டி புஸ்தகத்த முழுசா பாத்துட்டியாடி?”

“பாத்துட்டேன்க்கா. இப்ப அதுல ஒரு தப்பு கெடையாது” என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போய், எழுதியிருந்தபடி ஒவ்வொன்றாகச் செய்து பெட்டியைப் பொருத்தினாள். கூட வா என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. வேறொரு மென்பொருளின் கையேட்டில் ஒரு வண்டி பிழையைக் கண்டுபிடித்திருந்தேன்.

பெட்டி ஓடியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவிலிருந்து மோட்டார் போடுவாள், கோயில் பிராகாரத்திலிருந்து நிறுத்துவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டிக்கொண்டே போட்டாளாம். “இனிமே அத்தானே வந்து நின்னாலும் மோட்டாரு என் பேச்சதான் கேக்கும்” என்று சிரித்தாள். நாற்றங்கால் பச்சைப் பாயாக எழும்பி வந்தது.

நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர் கல்யாணம். இரண்டு பேரும் போனோம். பந்தியில் உட்காரும் முன் கரண்ட் வந்துவிட்டதாகப் போனில் தகவல் வந்தது. அக்கா எல்லோர் முன்னாலும் பட்டனைத் தட்டினாள். ‘ஓடுகிறது’ என்று காட்டியது. நாலு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா பாயசம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஊர் திரும்பும் வரை போன் ‘ஓடுகிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் பட்டுப்புடவையோடு நேராக வயலுக்குப் போனோம். நாற்றங்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் வாய் காய்ந்து கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள், பெட்டி டிரிப் ஆகி நின்றுவிட்டது. இன்னொரு தடவை போட்டாள், அப்போதும் டிரிப் ஆனது. அக்கா பக்கத்தில் இருந்த வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஆள் வைத்து, முக்காலி நட்டு, குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்தார்கள். மயிலாடுதுறையில் மோட்டார் காயில் கட்டும் வைண்டிங் கடைக்கு வண்டியில் ஏற்றிப் போனோம். கடைக்காரர் வயசானவர் இல்லை, எங்கள் வயசுதான். பிரித்துப் பார்த்து, “சுத்தமா கருகிடிச்சுங்க. தண்ணி இல்லாமயே ரொம்ப நேரம் ஓடியிருக்கு” என்றார். பிறகு, “பொட்டி நின்னுருக்கணுமே. செட்டிங் சரியா வெக்கலீங்களா?” என்று கேட்டார்.

“படிச்சுப் பாத்துதான் வெச்சேன்” என்ற அக்கா, கருகின காயிலைப் பார்த்துவிட்டு, “நான்தான் எதையாச்சும் மாத்தி அமுக்கிட்டேன் போலருக்கு” என்றாள்.

நடவு சமயம், கடையில் கருகின மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு வாரம் ஆகும் என்றார். பக்கத்து வயல்காரர் தன் முறை முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீர் விட்டார். பாதி நாற்று பிழைத்தது, பாதி மஞ்சளடித்துவிட்டது.

அத்தான் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவும் திருப்பிக் கத்தியிருப்பாள். நிதானமாகச் சொன்னார். “ஒன்னக் கொற சொல்லல. இதெல்லாம் படிச்சுப் புரிஞ்சு செய்யற வேல. ஒனக்கு எதுக்கு? பழைய ஆளுகிட்டயே குத்தகைக்கு விட்டுடுவோம். வெள்ளிக்கெழம வந்து பேசச் சொல்றேன்.” இரண்டு மாசம் சண்டை போட்டு நிலத்தை வாங்கினவள், “சரிங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா எந்த இடத்தில் மாற்றி அழுத்தியிருப்பாள் என்று பார்க்கலாமென்று அன்று மத்தியானம் கையேட்டைத் திறந்தேன். இந்தத் தடவை வேட்டைக்குப் போகவில்லை, மோட்டார் பொருத்துகிறவள் படிப்பதுபோல மேலிருந்து கீழாகப் படித்தேன். ஐந்து, மோட்டாரைப் போடவும். ஆறு, ‘கற்றுக்கொள்’ பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கவும். ஏழு, குழாயில் தண்ணீர் முழுதாக வரும்வரை காத்திருக்கவும். எட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் மூடியைப் பூட்டவும்.

அந்தப் பட்டனை அழுத்துகிற நேரத்தில் மோட்டார் எப்படி ஓடுகிறதோ, அதைத்தான் சரியான ஓட்டம் என்று பெட்டி மனசில் வைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் முழுதாகக் கொட்டும்போதுதான் அழுத்த வேண்டும். ஏழு முன்னால், ஆறு பின்னால். இங்கே இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. தண்ணீர் ஏறாத ஓட்டத்தையே பெட்டி சரி என்று கற்றுக்கொண்டிருந்தது. அப்புறம் போர் வற்றினபோது அது ஏன் நிறுத்தப்போகிறது? அக்கா ஒன்றையும் மாற்றி அழுத்தவில்லை. எழுதினபடி, ஓர் எழுத்து பிசகாமல் செய்திருந்தாள்.

போர்வெல்லில் மோட்டார் போட்டதும் முதலில் காற்று வரும், அப்புறம் செம்பழுப்பாகக் கொஞ்சம் துப்பும், அப்புறம்தான் தண்ணீர் நிறைந்து கொட்டும். பம்புசெட்டில் குளித்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்திருக்கிறேனே, எப்படி விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு புரிந்தது. மூன்று தடவையும் கீழிருந்து மேலாகப் படித்திருக்கிறேன். என் கண்ணில் எட்டு முதலில் பட்டது, அப்புறம் தண்ணீர் வரும்வரை காத்திருக்கச் சொன்ன ஏழு, அப்புறம் பட்டனை அழுத்தச் சொன்ன ஆறு. எனக்கு அது சரியான வரிசையாகவே வந்திருக்கிறது. ஏதாவது கொஞ்சம் மனசில் ஒட்டியிருந்தாலும் நல்லதாகவே ஒட்டியிருக்கும்.

இந்த மாதிரிக் கையேடுகளில் எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பார்க்க ஒரு வசதி உண்டு. பார்த்தேன். ஆறில் ஒரு ஒற்று சேர்த்திருந்தேன், ஏழில் ஒரு றகரத்தை ரகரமாக்கியிருந்தேன். இரண்டு வரிக்கும் நேராக என் புனைபெயர்தான் நின்றது. முதலில் எழுதியவர் எனக்கு அடியில் எங்கேயோ போய்விட்டார்.

உடனே எழுந்து போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இருந்த ஒரே ஒரு வீட்டிலும் முகம் காட்ட முடியாமல் போய்விடுமே என்ற பயம். எழுத்துதான் என் பொறுப்பு, பொருள் என்னுடையது இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசினேன். பராமரிக்கிறவரும்தானே பார்த்துச் சேர்த்தார் என்றேன். ஆற்றங்கரை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கால் ஓயவில்லை. வீட்டுக்கு வந்து வேறொரு கையேட்டில் இருபது பிழை திருத்தினேன். ஒரு பிழைக்கும் மனசு அடங்கவில்லை. அக்கா பரிமாறும்போது நிமிர்ந்து பார்க்க முடியாமல் சோற்றை மென்று முழுங்கினேன். இப்படி மூன்று நாள்.

வியாழக்கிழமை காலையில் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினாள். “இந்த ஆப்ப நீயே எடுத்துடுடி. எனக்கு எடுக்கத் தெரியாது. எதையாச்சும் அமுக்கி வெப்பேன்.”

கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கப் பட்டனைத் தட்டினவள்தான் இப்படிப் பேசினாள். எனக்குத் தாங்கவில்லை. “நீ ஒண்ணும் தப்பா அமுக்கலக்கா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கீழிருந்து படிக்கிற பழக்கம், இடம் மாறின இரண்டு வரி, மூன்று நாள் மறைத்தது உட்பட. அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா போனை வாங்கி, கையேட்டைத் திறந்து அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அன்னிக்கே நெனச்சேன்” என்றாள். “தண்ணி வர்றதுக்கு முன்னாடி எதுக்கு அமுக்கச் சொல்றான்னு. பட்டன் மேல வெரல வெச்சுகிட்டு யோசிச்சேன். ஒரு தப்பு கெடையாதுன்னு நீ சொன்னியேன்னுதான் அமுக்குனேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காகத் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

உடனே அத்தானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “நான் செஞ்சதுல தப்பில்லீங்க. எழுதியிருந்ததே தப்பு. நெலத்த நான்தான் செய்வேன். நாளைக்கு யாரும் பேச வர வேணாம்.”

“எழுதியிருந்தது தப்புன்னு யாரு சொன்னா?” என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

“நான்தான் அத்தான். நான்தான் அதப் பாத்து சரின்னு சொன்னேன். அக்கா எழுதினபடிதான் செஞ்சிருக்கா” என்றேன்.

அத்தான் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். “சரி, மீதி நாத்தையாவது காப்பாத்துங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். குத்தகை என்ற வார்த்தையை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு வரியையும் இடம் மாற்றி அனுப்பினேன். என்ன மாற்றம், ஏன் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். ‘எழுத்துப்பிழை’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டே பழகின இடம். அதில் வரிசை தவறாக இருந்ததையும், முன்பே இந்தப் பக்கத்தைப் பார்த்தும் நான் கவனிக்காமல் விட்டதையும், ஒரு மோட்டார் கருகினதையும் எழுதினேன். பராமரிக்கிறவர் உடனே சேர்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதியிருந்தார். இதேபோல இன்னும் யாராவது பொருத்தியிருப்பார்களே என்று எச்சரிக்கைக் குறிப்பும் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் வைண்டிங் கடைக்காரரே வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்தார். இறக்கிப் பொருத்தியாயிற்று. பெட்டிக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தத் தடவை நானும் வயலில் இருந்தேன், அக்காவுக்குப் பக்கத்திலேயே. மோட்டாரைப் போட்டாள். குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு நிறைந்து கொட்டியது. அக்கா போனில் கையேட்டைத் திறந்து, நான் மாற்றி வைத்திருந்த வரிகளைச் சத்தமாகப் படித்தாள்.

“சரியாத்தான் இருக்கு, இப்ப அமுக்கலாம்க்கா” என்றேன்.

அவள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பிறகு போனை வைண்டிங் கடைக்காரர் பக்கம் நீட்டி, “இது சரியாண்ணே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். தலையை ஆட்டினார். அப்புறம்தான் அக்கா பட்டனில் விரலை வைத்தாள்.